‘ஏதும் காணப்படவில்லை’

செம்மண் வெட்டிய பள்ளத்தின் சுவரில் பாதி முதுமக்கள் தாழி நின்றுகொண்டிருந்தது. மறுபாதியை ஜேசிபி கொண்டுபோயிருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் தாழியின் வாயும் வயிறும் அடியும் பாடப்புத்தகப் படம்போலத் துல்லியமாகத் தெரிந்தன. உள்ளே இறுகிக் கிடந்த மண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் கறுப்பு சிவப்புக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பேருந்தில் போகிறபோது தற்செயலாகக் கண்ணில் பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே செம்மண் மேட்டை ஆய்வு செய்து, ‘தொல்லியல் எச்சங்கள் ஏதும் காணப்படவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

பொய் எழுதவில்லை. கார்த்திகை மாதம். மழை முடிந்து புல் முழங்காலுக்கு மேல் நின்றது. எனக்குக் கொடுத்தது ஒரே நாள். மேட்டைச் சுற்றி ஒருமுறையும் குறுக்கே இரண்டு முறையும் நடந்தேன். காணப்படவில்லை, அதனால் அப்படியே எழுதினேன். கோப்பைப் புரட்டியவர்கள் அதை ‘இல்லை’ என்று படித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் பிறகு என் தொழில் முழுக்க நடந்துகொண்டிருக்கிறேன்.

அன்று எனக்கு அனுபவம் இருந்திருந்தால் புல்லைப் பார்த்திருக்க மாட்டேன், மேட்டைப் பார்த்திருப்பேன். தாழி புதைத்தவர்கள் விளைகிற நிலத்தில் புதைக்கவில்லை. தண்ணீர் நிற்காத, ஏர் இறங்காத சரளை மேடாகத் தேடிப் புதைத்தார்கள். அதே மேடு இன்றைக்கு வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ ‘கல்லாங்குத்து புறம்போக்கு’ என்றோ இருக்கும். குவாரிக்குக் குத்தகை போவதும் அப்படிப்பட்ட நிலம்தான். ஆக, தாழி கிடப்பதும் குவாரி வருவதும் ஒரே மேட்டில் என்பது தற்செயல் இல்லை. அந்த மண்ணின் குணம் இருவரையும் அங்கே கூட்டிவந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஊர் ஊராகப் பார்த்தது எல்லாம் ஒரே கணக்கில் வந்தது. கருங்கல் குவாரிக்காரர் தேடுவது பாளம் பாளமாக உரியும் பாறையை. கற்பலகைகளால் ஈமச்சின்னமாகக் கற்திட்டை கட்டியவர்களும் அதைத்தான் தேடினார்கள். பாறையின் மேல் விறகை எரித்து, சூட்டில் மேல்தோல் கிளம்பியதும் நெம்பி எடுக்கும் வித்தை நேற்றுவரை நம் கல்லொட்டர்களிடம் இருந்தது. மதுரைப் பக்கத்துக் குன்றுகளில் சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டியதும், மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்க மேலே காடி வெட்டியதும் அந்தக் கருங்கல்லின் உறுதியை நம்பித்தான். கீழவளவில் தமிழி எனும் தமிழ்ப் பிராமிப் பொறிப்பு உள்ள குன்றுக்கு அருகிலேயே குவாரிப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை நிறுவிய கல் அது. அவர் அகழாய்வு எதுவும் செய்யவில்லை. சரளைக்காக யாரோ வெட்டிய சின்னக் குழியிலிருந்து வாரிப் போட்ட மண்ணில் அது கிடந்தது. நம் நாட்டின் பழைய கற்காலத்தைப் பற்றிய படிப்பே ஒரு சரளைக் குழியில்தான் தொடங்கியது.

இனி, நான் உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். சேலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் இரும்புத்தாது மலை. பெயர் வேண்டாம். சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள்.

“சார், சின்ன மலைதான். ஒரு வாரம் போதும்ல? தொல்லியல் பத்தி ஒரே ஒரு பாரா வந்தாப் போதும்.”

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். குத்தகைப் பரப்பு 300 ஹெக்டேர், அதாவது 30 லட்சம் சதுர மீட்டர். ஆளுக்கு ஆள் 20 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்தால் மொத்தம் 150 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 25 கிலோமீட்டர். சமதரையில் இது இரண்டு நாள் வேலை. முள்ளும் உருட்டுக்கல்லும் உள்ள சரிவில், கீழே குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு நாளைக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் பெரிய விஷயம். நடக்க மட்டும் ஒரு வாரம். கண்டதைப் பதிய, படம் எடுக்க, அளக்க, ஊரில் உட்கார்ந்து பேச இன்னும் இரண்டு வாரம். மூன்று வாரம் கேட்டேன்; பதினேழு நாள் கிடைத்தது. காலம் மட்டும் நான் சொன்னதுதான்: மாசி. புல் காய்ந்து படுத்திருக்கும், இலை உதிர்ந்திருக்கும், காலை வெயில் சாய்வாக விழும். பாறையில் கீறல் ஏதாவது இருந்தால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் கல்வெட்டின்மீதே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

மலை ஏறுவதற்கு முன் நான்கு நாள் காகிதத்தோடு போயிற்று. நில அளவைத்துறையின் வரைபடம், கிராம வரைபடம், புல எண் வாரியான அளவைப்படம், அ-பதிவேடு, புவியியல் வரைபடம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக்கொள்வோம். கூடவே கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளரை உட்காரவைத்து நிலங்களின் பெயரைக் கேட்பேன். பதிவேட்டில் வெறும் எண்ணாக இருப்பது அவர் வாயில் பெயராக வரும். கொல்லன் குட்டை, கரிமேடு என்று இரண்டு பெயர் விழுந்தன. கொல்லர் குடும்பம் ஒன்றுகூட இல்லாத ஊரில் கொல்லன் குட்டை எதற்கு என்று குறித்துக்கொண்டேன்.

மலையில் முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. உண்ணிச்செடி மண்டிக் கிடந்த வடசரிவில் தரையே தெரியவில்லை. அதையும் எழுதிக்கொண்டோம். எந்தப் பகுதியில் தரை எவ்வளவு கண்ணுக்குப் பட்டது என்று தினமும் குறிப்பது அந்தச் செம்மண் மேடு எனக்குக் கற்பித்த பாடம். நான்காம் நாள் ஆடு மேய்க்கும் ஒரு அம்மாவைப் பிடித்தோம். மலையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள்தான். கருவியெல்லாம் அவர்களுக்கு அப்புறம்.

“ஏம்மா, இந்த மலையில பழைய கட்டடம், கல்லுல எழுத்து, குழி ஏதாச்சும் இருக்கா?”

“எழுத்தெல்லாம் இல்லீங்க சார். சிட்டக்கல்லு வேணும்னா கெடக்குது. எங்க மாமனார் காலத்துல வைத்தியர் வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போவாரு.”

சித்த மருத்துவம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மண்டூரம் என்று வைத்தியர்கள் சொல்வது இரும்பு எடுக்கும்போது ஒதுங்கும் கசடான சிட்டத்தை. பழையதாக இருந்தால்தான் மருந்துக்கு விசேஷம். நூறு வருடப் பழசைத் தேடிப் போகிற வைத்தியர், தொல்லியலாளருக்கு முன்பே இந்த மலையில் மேற்பரப்பு ஆய்வு முடித்துவிட்டிருந்தார்.

அந்த அம்மா கூட்டிப்போன இடம் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரை. கால் வைத்ததும் ஓடு நொறுங்குவதுபோலச் சத்தம். குனிந்து ஒன்றை எடுத்தேன். அளவுக்கு மீறிய கனம். ஒரு பக்கம் வெல்லப்பாகு வழிந்து மடிந்து மடிந்து உறைந்ததுபோல இருந்தது, மறுபக்கம் குமிழ் குமிழாகத் துளை. பழைய முறையில் இரும்பு உருகி ஓடுவதில்லை, ஓடுவது சிட்டம்தான். இரும்பு உலைக்குள்ளேயே கடற்பஞ்சுபோல ஒரு கட்டியாகத் தங்கிவிடும். உலையை உடைத்து அதை வெளியே எடுத்து, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்து உள்ளே மிச்சமுள்ள கசடைப் பிழிய வேண்டும். அரைமணி நேரம் தேடியதில் துருத்தியின் காற்றை உலைக்குள் கொண்டுபோகும் சுடுமண் குழாயின் துண்டுகள் ஏழு கிடைத்தன. தீப்பட்ட முனை கண்ணாடிபோல உருகிப் பச்சையாகப் பளபளத்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இது எங்கிருந்தோ அள்ளிவந்து கொட்டிய சிட்டம் இல்லை. உலை இருந்த இடமே இதுதான்.

அப்புறம் நடந்தது எங்களுக்கே ஆச்சரியம். எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பழகியதும், ஏற்கனவே நடந்து கடந்த சரிவுகளிலும் சிட்டம் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் பதினொரு இடங்கள். எல்லாம் ஓடையை ஒட்டி, தாது கிடைக்கும் சரிவுக்குக் கீழே. அவற்றில் ஒன்று கரிமேடு. கொல்லன் குட்டையின் கரையிலும் இருந்தது.

மலை உச்சியில் துளையிட்டுக்கொண்டிருந்த குழுவில் ஒரு புவியியலாளர் இருந்தார், நல்ல மனிதர். பாறையைத் துளைத்து உருளை உருளையாக எடுத்த மாதிரிகளைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு ஒரு சந்தேகம் சார். மேலே தாதுப்பட்டை வெளியே தெரியுது. உடைஞ்ச கல்லு சரிவு முழுக்க உருண்டு கிடக்கணும். மேற்குச் சரிவுல நிறைய இருக்கு. கிழக்குச் சரிவுல அவ்வளவா இல்ல. ஏன்னு தெரியல.”

என் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். பதினொன்றில் ஒன்பது சிட்டமேடுகள் கிழக்குச் சரிவின் கீழே. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் ‘காணோம்’ என்று தேடிய தாதுதான் என் பையில் சிட்டமாக இருந்தது. நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஓடை அரித்துக்கொண்டு போனதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஊகத்தை அறிக்கையில் ஊகம் என்றே எழுதினேன். 1800-01இல் இந்தப் பக்கமெல்லாம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், ஓடைகளில் கருமணலை அலசி இரும்பு எடுத்தவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது போயிற்று. ஆக, இந்த மலைத்தொடரை இரும்புக்காகத் தேடி வந்தவர்களில் இப்போது வந்த நிறுவனம் முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

தென்மேற்கு மூலையில் பழங்கால ஈமச்சின்னங்களான கல்வட்டங்கள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றை, துளையிடும் வண்டி போக வெட்டிய பாதை குறுக்கே அறுத்திருந்தது. ஆய்வுக்கு எங்களை அழைப்பதற்கு முன்பே பாதை வெட்டியாகிவிட்டது. இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். கனிமம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்களே பாதி சேதத்தைச் செய்துமுடித்துவிடுவார்கள். தொல்லியலாளர் மிச்சத்தை எண்ணப் போவார். நாங்கள் தோண்டிப் பார்க்கவும் முடியாது. அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல்துறையின் அனுமதி வேண்டும். தரைக்கு மேலே கிடப்பதைப் பதியலாம், அவ்வளவுதான்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்துக்குக் கீழே வேடியப்பன். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேட்டி சுற்றியிருந்தார்கள். பூசாரியிடம் பேசி, ஒரு செவ்வாய்க்கிழமை அபிஷேகத்தின்போது துணியை விலக்கியதும் பார்த்தோம். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், காலடியில் மாடு. நடுகல். எழுத்து இருந்ததா என்று தெரியாத அளவுக்கு எண்ணெய் ஏறியிருந்தது. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல்துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. இந்த வட்டாரம் முழுக்க அப்படித்தான், மாடு மீட்டுச் செத்தவன் வேடியப்பனாகிச் சாமியாக நிற்கிறான். “சாமியையும் வேற எடத்துக்குக் கொண்டுபோய் வெப்பாங்களா சார்?” என்று பூசாரி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிக்கையில் நடுகல் என்று ஒரு வரியும், வழிபாட்டில் உள்ளது என்று ஒரு வரியும் எழுதினேன். இரண்டாவது வரி தொல்லியலாளரின் வேலை இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

அறிக்கை 62 பக்கம் வந்தது. பதினொரு சிட்டமேடுகள், நான்கு கல்வட்டங்கள், நடுகல் ஒன்று, பானை ஓடுகள் பரவிய வாழிடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இருப்பிடம், பரப்பு, படம். வடசரிவைப் பார்க்க முடியவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். காலம் என்ன என்ற கேள்விக்குத் தோண்டாமல் பதில் சொல்ல முடியாது என்றேன். நிறுவனத்துக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நூறு வருஷத்துக் கசடாக்கூட இருக்கலாம்ல சார்?”

“இருக்கலாம். 1958ஆம் வருடச் சட்டம் தொன்மைச் சின்னத்துக்குக் கேட்பதும் நூறு வருடம்தான்” என்றேன். சிரித்தார்.

அச்சில் வந்த சுற்றுச்சூழல் அறிக்கையில் என் 62 பக்கம், முதல் நாள் தொலைபேசியில் கேட்டபடியே ஒரு பாராவாகச் சுருங்கியிருந்தது. கடைசி வரி: ‘திட்டப் பகுதியில் குறிப்பிடத்தக்க தொல்லியல் சின்னங்கள் ஏதும் இல்லை.’ நான் பத்து வருடத்துக்கு முன் எழுதிய வாக்கியமே வேறு வேடத்தில் திரும்பி வந்ததுபோல இருந்தது. ‘காணப்படவில்லை’ என்று எழுதிய இடத்தில் இப்போது ‘இல்லை’ என்றே எழுதிவிட்டார்கள்.

சட்டப்படி அதில் பெரிய குற்றம் காண முடியாது என்பதுதான் வேதனை. அந்த 1958ஆம் வருடச் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மாநில அரசுக்கு 1966ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் விண்ணப்பப் படிவமும், 15 கிலோமீட்டருக்குள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதி உண்டா என்று கேட்கிறது. எல்லாமே பட்டியலில் ஏறியவற்றைப் பற்றி. பட்டியலில் ஏறாத கல்வட்டத்தைச் சுற்றிச் சட்டம் எந்த வட்டமும் போடவில்லை.

ஆனால் அந்த முறை ஒரு காரியம் செய்திருந்தேன். என் பட்டியலில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு புல எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்திருந்தேன். ஆய்வில் கண்டவற்றின் பட்டியலை ஊராட்சிக்கும் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன். அப்போது யாரும் அதைக் கவனித்துப் படிக்கவில்லை. பிறகு அந்தத் திட்டத்துக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊர்ப் பையன் ஒருவன் எழுந்து, ஒவ்வொரு புல எண்ணாக வாசித்து, “இதுல சிட்டமேடு இருக்கு, இதுல கல்வட்டம் இருக்கு, உங்க அறிக்கையில எங்க?” என்று கேட்டான். அட்சரேகையை வாசித்திருந்தால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. புல எண் என்றால் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது இன்னார் காடு, இன்ன ஓடை. கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியது. மறு ஆய்வு கேட்டுக் கோப்பு திரும்பியது. அந்த மலையில் இன்னும் சுரங்கம் வரவில்லை. அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். விலை, வழக்கு, போராட்டம் என்று எத்தனையோ உண்டு.

2025 ஜனவரி 23 என்ற தேதியைப் பலர் மறந்திருக்கலாம். தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை மாநில அரசு அன்று வெளியிட்டது. சிவகளை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை போகிறது என்று அது சொன்னது. அதே நாளில், மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ஏலம் விடும்போது வரைபடத்தில் கனிமம் மட்டும் தெரிந்தது. அதே குன்றுகளில் தமிழிப் பொறிப்பும் சமணச் சிற்பமும் குடைவரைக் கோயிலும் இருப்பதை மக்கள் தெருவில் நின்று சொல்லவேண்டியிருந்தது. அரிட்டாபட்டிக்குப் பெயர் இருந்தது. நான் நடந்த மலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பெயரும் கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சுரங்கமோ குவாரியோ வருகிறது என்று கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால், குறைந்தது 30 நாளுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். தொல்லியல் பற்றி ஒரு பாரா இருக்கும். அதில் ‘ஏதும் இல்லை’ என்று இருந்தால் எழுந்து நான்கே கேள்வி கேளுங்கள்: யார் நடந்தார்கள், எந்த மாதத்தில் நடந்தார்கள், எத்தனை மீட்டர் இடைவெளியில் நடந்தார்கள், எந்தெந்தப் புல எண்ணில் நடக்கவில்லை?